மூன்று சுற்று ஞானத்தகப்பன்

வல்மிர் நான்காவது தடவையாக நகம் தேய்த்துக்கொண்டிருந்தான். சோப்புத்தூள், எலுமிச்சைத் தோல், தேய்ந்துபோன பல்துலக்கும் பிரஷ் என்று மூன்றையும் வைத்து மல்லுக்கட்டியும் பதினேழு வருஷத்துப் பஞ்சர் கடைக் கறுப்பு இம்மிகூட அசையவில்லை. தொட்டித் தண்ணீர்தான் கறுத்தது. இஸ்திரி போட்ட சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்குக் கல்யாண மாப்பிள்ளை கணக்காக அவன் படும் பாட்டைப் பார்த்து மார்லூசிக்குச் சிரிப்பு வந்தது. வாயில் குண்டூசிகளோடு பின்கதவில் சாய்ந்து நின்றாள். ஜூன் மாதம் முழுக்க அவள் வாயில் குண்டூசி இருக்கும். திருவிழா நடனக்காரிகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பவள்.

“தோலை உரிச்சிடாத. கையெழுத்துதான் கேப்பாங்க, கையைக் கேக்கமாட்டாங்க.”

“பதிவாளரம்மா பாத்துட்டு என்ன நினைப்பாங்க?”

“போன வாரம் அந்தம்மா வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுனது யாரு? உன் லட்சணம் அவங்களுக்குத் தெரியாதாக்கும்.”

விஷயம் இதுதான். மார்லூசியின் மகள் ஜமீலிக்குப் போன செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு வயது முடிந்தது. பன்னிரண்டு முடிந்த பிள்ளை என்றால் கோர்ட்டு வாசலை மிதிக்கவேண்டாம். பதிவு அலுவலகத்திலேயே, வளர்த்தவன் பெயரையும் பிறப்புச் சான்றிதழில் தகப்பனாக ஏற்றிவிடலாம். பெற்றவன் பெயரை யாரும் அடிக்கமாட்டார்கள். அது பாட்டுக்கு அது இருக்கும், பக்கத்தில் இதுவும் ஏறும். பெற்றவர்கள் இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கும் மேலே, பிள்ளை தன் வாயால் சரி என்று சொல்லவேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக வல்மிர் ஒன்றரை வருஷம் காத்திருந்தான். பஞ்சர் கடைச் சுவரில் டயர் கம்பெனி காலண்டரில் மாதம் மாதமாகக் கிழித்துக்கொண்டிருந்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஜமீலிக்கு டெங்கு வந்தது. மார்லூசி தன் அக்கா வீட்டு விசேஷத்துக்கு வெளியூர் போயிருந்த நேரம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பெரிய ஊருக்குக் கொண்டுபோகவேண்டும் என்று ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். கூட ஏறப்போனவனை நர்ஸ் ஒருத்தி நிறுத்தி, “நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள். பாவம், கேட்கவேண்டிய கேள்விதான், அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வல்மிர் வாயைத் திறந்தான், மூடினான். ஆறு வருஷத்துக்கும் மேலாகச் சோறு ஊட்டி, பேன் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆம்புலன்ஸ் அவனை விட்டுவிட்டுப் போனது. அறுபது கிலோமீட்டர் அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே மோட்டார் பைக்கில் போனான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அவனுக்குத்தான் அந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை.

அவர்கள் ஊரான செர்ரா மியூதாவில் இதெல்லாம் அதிசயமும் இல்லை. அவர்கள் தெருவிலேயே ஒரே மாதிரி இரண்டு வீடு கிடையாது. மருந்துக்கடைக்காரர் வீட்டில் அவர், அவர் மனைவி, மனைவியின் முதல் புருஷனுடைய தங்கை, மூன்று பேரும் இருபது வருஷமாக ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். எதிர்வீட்டு ஸெஃபாவும் மார்த்தாவும் சேர்ந்து ஒரு பையனை வளர்க்கிறார்கள். அவன் சான்றிதழில் இரண்டு தாய். சமையல்காரி ஈரஸியின் மகனை அவள் பக்கத்துவீட்டுக்காரி வளர்க்கிறாள், பக்கத்துவீட்டுக்காரி மகளை ஈரஸி வளர்க்கிறாள், கேட்டால் அப்படி அமைந்துவிட்டது என்பார்கள். வல்மிரும் மார்லூசியும்கூடக் கோயிலிலோ ஆபீசிலோ கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள் இல்லை. ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான், இருந்துவிட்டான். அப்போது ஜமீலிக்கு நாலு வயது.

ஜெர்சன் எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். இவன்தான் பெற்றவன். பிள்ளைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது வேலை தேடி ரெசிஃபி நகரத்துக்குப் போனவன், வேலை கிடைத்தது, கூடவே வேறு ஒரு குடும்பமும் கிடைத்துவிட்டது. ரொட்டிச் சூளையில் வேலை. அந்தப் பெண்ணும் பிற்பாடு போய்விட்டாள், இரண்டு பையன்களையும் அவனும் அவன் தங்கையும் வளர்க்கிறார்கள். கெட்டவன் என்று சொல்லமுடியாது. மாதம் இரண்டு தடவை போன் பண்ணுவான், பிறந்தநாளுக்கு வருவேன் என்பான், ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் வருவான். கையில் ஒரு துணிப்பை நிறைய ரொட்டியோடு வந்து நின்றவனை வல்மிர் பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

“என்னய்யா, என் மகளைப் பங்கு போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டியா?” என்றான் ஜெர்சன் பின்னாலிருந்து.

“உன் பங்கு அப்படியேதான் இருக்கும். நான் பக்கத்துல ஒட்டிக்கிறேன், அவ்வளவுதான்.”

“ஒட்டுறதுதானே உன் தொழிலு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு பேச ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருத்தியோடு வெவ்வேறு காலத்தில் குடும்பம் நடத்திய இரண்டு ஆண்கள் ஒரே பைக்கில் போகும்போது என்னதான் பேசுவது! மழை எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள்.

பதிவு அலுவலகத்தில் எல்லாம் வழுக்கிக்கொண்டு நடந்தது. பதிவாளர் டோனா கிராசா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்துக் காட்டினாள். மார்லூசி கையெழுத்துப் போட்டாள். ஜெர்சன் பேனாவை வாங்கி, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நிறுத்தி, பிறகு போட்டான். வல்மிர் நகம் தெரியாமல் விரல்களை மடக்கிக்கொண்டு போட்டான். “உங்க அப்பா அம்மா பேரு?” என்று டோனா கிராசா கேட்டபோது அவன் திடுக்கிட்டான். “அவங்க பேரு எதுக்கு? ரெண்டு பேரும் செத்துட்டாங்களே.” “செத்தா என்ன? பேத்தி சான்றிதழ்ல அவங்களும் ஏறணும்ல.” பேத்தி! பிள்ளை பெறாமலே நாற்பத்து மூன்று வயதான மகனை நினைத்துக் கடைசிவரை பொருமிக்கொண்டிருந்த அம்மாவின் பெயரை அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான்.

“இனிமே பொண்ணுகிட்ட நான் தனியா பேசணும். நீங்கல்லாம் வெளியில உக்காருங்க,” என்றாள் டோனா கிராசா. அதுதான் முறை. பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து பிள்ளை தலையாட்டிவிடக்கூடாதாம். மூன்று பேரும் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். மார்லூசி நடுவில். ஐந்து நிமிஷத்தில் முடியவேண்டிய காரியம் கால்மணி நேரம் ஆனது. பிறகு கதவு திறந்தது. ஜமீலி முதலில் வந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, யாரையும் பார்க்காமல் நேரே தெருவில் இறங்கி வீட்டைப் பார்க்க நடந்தாள். மார்லூசி பின்னாலேயே ஓடினாள்.

டோனா கிராசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “முடியாதுன்னு சொல்லலை. சரின்னும் சொல்லலை. ஏம்மான்னு கேட்டா அழுதா. வல்மிரைப் பிடிக்கலையான்னு கேட்டேன். பிடிக்கும்னு இன்னும் சத்தமா அழுதா. அவ வாயால சரின்னு வராம நான் எதுவும் பண்றதுக்கில்ல. நாளைக்குப் புனித அந்தோணியார் திருநாள், அதனால இன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும்தான் ஆபீசு. பாருங்க.”

வல்மிர், “சரிங்கம்மா, ரொம்ப நன்றிங்க,” என்றான். பஞ்சர் ஒட்டி முடித்ததும் சொல்கிற அதே குரலில் சொன்னான். வேறு என்ன குரலில் சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனான். இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஒரு லாரி டயர் காத்துக்கிடந்தது, அதை நெம்பி எடுக்க ஆரம்பித்தான். ஜெர்சனும் கூடவே வந்திருந்தான். கவிழ்த்துப்போட்ட பெட்டியில் ரொட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வல்மிர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. என்ன குறை வைத்தோம்? போன மாதம் போனை அதிக நேரம் பார்க்கிறாள் என்று திட்டினானே, அதுவா? சிநேகிதிகள் முன்னால் இந்தக் கையோடு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறானே, அதுவா? பிடிக்கும் என்றாளாம். பிடிக்கும், ஆனால் தகப்பனாக வேண்டாம். அப்படியும் இருக்கலாம்தானே? தெருநாயைக்கூடத்தான் பிடிக்கும். அவனுக்கு ஜமீலி மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை போலிருந்தது. இருந்தது வெறும் பயம்தான், அன்றைக்கு ஆம்புலன்ஸ் பின்னால் போனபோது இருந்த அதே பயம்.

லாரி டிரைவர் டயரில் காலை வைத்துக்கொண்டு, “என்னய்யா ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கீங்க. அண்ணன் தம்பியா?” என்று கேட்டார்.

“சொந்தம்தான். அவன் மகளுக்கு நான் அப்பன். என் மகளுக்கு அவன் அப்பன். ஒரே மகதான்,” என்றான் ஜெர்சன்.

டிரைவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் போனதும் ஜெர்சன் மெல்ல ஆரம்பித்தான். “என்னாலயா இருக்குமோ? அதாவது… என்னை நினைச்சு. நான் மனசு வருத்தப்படுவேன்னு.” அதைச் சொல்லும்போது அவன் நெஞ்சு ஒரு விரற்கடை நிமிர்ந்தது. வல்மிர் அதைப் பார்த்தான். வல்மிர் பார்த்ததை ஜெர்சனும் பார்த்தான், காது சிவந்துபோனது. “சே, என்ன புத்தி பாரு எனக்கு! கையெழுத்துப் போடறப்பக்கூட ஒரு நிமிஷம் வயிறு எரிஞ்சுது தெரியுமா? பத்து வருஷமா ஒரு வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்கலை, எனக்கு வயிறு எரியுதாம்.”

“எரியத்தானே செய்யும். மனுஷன்தானே,” என்றான் வல்மிர். டயருக்குள் இருந்து ஒரு நீள ஆணியை உருவி டப்பாவில் போட்டான்.

பன்னிரண்டரைக்கு மார்லூசி போன் பண்ணினாள். சாப்பிட வாங்க, ரெண்டு பேரும், இப்பவே. அவள் குரலில் அழுகை இல்லை. ஊசியில் நூல் கோக்கும்போது இருக்குமே, அந்தக் கவனம் இருந்தது. வல்மிர் ஆணியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். போனார்கள். மேஜையில் சோளப்புட்டு, ஆட்டுக்கறி, பச்சைப் பயறு, சுட்ட பாலாடைக்கட்டி, எல்லாம் நல்ல நாளுக்காக விடிகாலையிலேயே சமைத்தவை. தைத்துமுடிக்காத பாவாடைகள் ஜன்னலிலும் நாற்காலியிலும் சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்கின. ஜமீலி தட்டில் புட்டை ஒரு மலையாகக் குவித்து, கரண்டியால் இடித்து, மறுபடி குவித்துக்கொண்டிருந்தாள். வல்மிருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

“இப்ப கேளு. என்கிட்ட கேட்டதை இவங்ககிட்டயும் கேளு,” என்றாள் மார்லூசி மகளிடம்.

ஜமீலி கரண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “கொம்பாத்ரியும் கொமாத்ரியும் ஒரே வீட்டுல புருஷன் பொண்டாட்டியா இருந்தா, செத்தப்புறம் கொள்ளிவாய்ப் பிசாசாத்தான் அலைவாங்களா?”

இது அந்தப் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த பயம். பிள்ளையைப் பெற்றவளும், ஞானஸ்நானத்தில் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கொமாத்ரி, கொம்பாத்ரி. உடன்பிறப்பைவிட ஒரு படி மேலான உறவு. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கை வைத்தால், செத்த பிறகு இரண்டு நெருப்பு உருண்டைகளாக ஏரிக்கரையில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஓடுவார்கள் என்பது பேச்சு. பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு.

“அதுக்கும் நமக்கும் என்ன?” என்றான் வல்மிர். நிஜமாகவே புரியவில்லை.

“நீதான் என் ஞானத்தகப்பன். ஏழு வயசுல நெருப்பைச் சுத்துனோமே! நீ மறந்துட்ட. நான் மறக்கலை.”

மெல்ல மெல்ல அவனுக்கு நினைவு வந்தது. புனித யோவான் திருநாளுக்கு முந்தின சாயங்காலம். அன்றைக்கு வீட்டுக்கு வீடு வாசலில் விறகு அடுக்கிக் கொளுத்துவார்கள். அந்த நெருப்பைக் கைகோத்து மூன்று சுற்றுச் சுற்றி, யோவான் பெயரால் வாய்விட்டுச் சொன்னால், சொன்ன உறவு ஆகிவிடும். கோயிலில் தண்ணீர் ஊற்றி வருகிற உறவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பார்கள். பெரியவர்கள் பாதி விளையாட்டாகத்தான் சுற்றுவார்கள். விடிந்தால் தெருவில் பாதிப்பேர் பாதிப்பேருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். சோளம் சுட்டுத் தின்றுகொண்டு, இரண்டு பீரும் உள்ளே போயிருந்த வல்மிரின் சுண்டுவிரலைப் பிடித்து ஜமீலி இழுத்தாள். அவள் சொல்லச் சொல்ல அவனும் சொல்லிக்கொண்டு மூன்று சுற்றும் சுற்றினான். காலையில் மறந்துபோனான். அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஞானத்தகப்பா, ஞானத்தகப்பா என்று கூப்பிட்டாள், பிறகு திடீரென்று விட்டுவிட்டாள். பெரிய பெண்ணாகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

“பள்ளிக்கூடத்துல ராயானிதான் கொள்ளிவாய்ப் பிசாசு கதையைச் சொன்னா. அன்னையிலேர்ந்து நான் அந்த வார்த்தையே சொல்றதில்லை. யாரும் சொல்லாட்டி யோவானும் மறந்துடுவார்னு நினைச்சேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “என்னாலதான். நான்தான் அம்மாவையும் வல்மிரையும் மாட்டிவிட்டேன். இப்ப பேப்பர்ல வேற ஏத்தப்போறாங்க. ஞானத்தகப்பனே அப்பாவா ஆக முடியாதுல்ல? அந்தம்மா சரியான்னு கேட்டாங்க. நான் எப்படிச் சரின்னு சொல்றது?”

ஐந்து வருஷம்! ஏழு வயதிலிருந்து இந்தப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்துகொண்டு இவர்கள் நடுவில் சாப்பிட்டு, தூங்கி, பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். வல்மிருக்கு அழுவதா அவளைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அவளுக்குப் பிடிக்காமல் போகவில்லை என்ற ஒன்று மட்டும் தலைக்குள் கிறுகிறுவென்று சுற்றியது. அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் அவனுக்கு வெட்கம்கெட்ட சந்தோஷமாக இருந்தது.

“அப்ப ஏன்டி சுத்துன? உன்னை யாரு சுத்தச் சொன்னா?” என்றாள் மார்லூசி.

“நீங்க சண்டை போட்டீங்கல்ல. வல்மிர் ரெண்டு நாள் கடையிலயே படுத்துக்கிட்டாரே. அப்பா போன மாதிரி போயிடுவாரோன்னுதான். புருஷன்னா போலாம், ஞானத்தகப்பன்னா சாகிற வரைக்கும் போக முடியாதுன்னு சொன்னாங்க.”

அந்தச் சண்டை பெரியவர்கள் மூன்று பேரில் இரண்டு பேருக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஜூன் மாத நடுவில், ரிப்பேர் பண்ணுகிறேன் என்று மார்லூசியின் தையல் மெஷினைக் கழற்றிப்போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் வல்மிர் முழித்த சண்டை அது. மார்லூசி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது, தைத்துக்கொண்டிருந்த பாவாடை ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெர்சன் மட்டும் அசையாமல் இருந்தான். ‘அப்பா போன மாதிரி’ என்று அவள் எந்தக் குத்தலும் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னது அவனுக்கு எங்கே போய் நின்றதோ. கறிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முழங்கைகளை மேஜையில் ஊன்றினான்.

“ஜமீலி, இங்க பாரு. உனக்கு ஏழு வயசுல முன்பல்லு விழுந்துச்சுல்ல. பல்லைக் கூரை மேல எறிஞ்சது யாரு?”

“வல்மிர்.”

“பள்ளிக்கூடத்துக்கு யாரு கொண்டுபோய் விட்டா?”

“வல்மிர்தான்.”

“காய்ச்சல்னா யாரு முழிச்சிருந்தா?”

“அம்மாவும் வல்மிரும்.”

“அப்ப நான் எங்க இருந்தேன்?”

ஜமீலி அம்மாவைப் பார்த்தாள்.

“சொல்லு, பரவால்ல. எனக்குத் தெரியாததா.”

“ரெசிஃபில.”

“ரெசிஃபில. ரொட்டி சுட்டுக்கிட்டு.” ஜெர்சன் ரொட்டிப் பையை மேஜையில் ஓரமாகத் தள்ளினான். “சரி, இப்ப இதைச் சொல்லு. ஒருத்தன் சொந்தப் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயி, இதுக்கு நானே ஞானத்தகப்பனா இருக்கேன்னா சாமியார் ஒத்துக்குவாரா?”

“மாட்டாரு. அப்பா ஞானத்தகப்பனா ஆக முடியாது.”

“ஆங்! சாமியாருக்கே தெரியறது யோவானுக்குத் தெரியாதா? நீ நெருப்பைச் சுத்தறப்பவே இந்த ஆளு உனக்கு அப்பன் ஆயி மூணு வருஷம் ஆயிருச்சு. அவர் மேலேர்ந்து பாத்துட்டு, இது செல்லாதுன்னு விட்டிருப்பாரு. நீங்க சுத்துனது வெறும் சுத்து. ரெண்டு பேரும் சும்மா புகை குடிச்சுட்டு வந்தீங்க.”

வல்மிர் ஜெர்சனைப் பார்த்தான். காலையில் போட்ட கையெழுத்து ஒன்றுமே இல்லை. இப்போதுதான் இந்த மனுஷன் நிஜமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது. ரொட்டிப் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, பிய்த்து, சும்மா கையில் வைத்துக்கொண்டான்.

ஜமீலி லேசில் விடுகிறவள் இல்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “அப்ப அம்மாவும் வல்மிரும் கொமாத்ரி கொம்பாத்ரி இல்ல.”

“இல்ல.”

“பிசாசா ஆகமாட்டாங்க.”

“இதுக்காக ஆகமாட்டாங்க. வேற ஏதாவது பண்ணி ஆனா, அது அவங்க பாடு.”

“சும்மா இரு நீ,” என்று மார்லூசி ஜெர்சன் கையில் ஒன்று போட்டாள். பத்து வருஷத்துக்கு அப்புறம் போட்ட அடி.

ஜமீலி சிரிக்கவில்லை. அவளுக்குள் இன்னும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல வல்மிர் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து இப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்க்கிறாள்.

“அப்ப உன்னைக் கட்டிவச்சது எது?”

“என்னம்மா?”

“நெருப்பு செல்லலைன்னா, நீ எப்ப வேணாலும் போயிருக்கலாமே. அஞ்சு வருஷமா உன்னை எது கட்டிவச்சிருந்துச்சு?”

வல்மிர் யோசித்தான். நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடிப்பார்த்தான். பேச்சில் அவன் எப்போதும் மட்டம். டயரைத் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிறவனுக்கு என்ன பேச்சு வரும்?

“எதுவும் கட்டலைம்மா,” என்றான். “நான் பாட்டுக்கு இருந்தேன்.”

ஜமீலி குவித்துவைத்திருந்த புட்டில் பெரிய கரண்டியாக ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். வாய் நிறைய வைத்துக்கொண்டே, “மணி என்ன?” என்று கேட்டாள். ஒன்று நாற்பத்தைந்து. ஆபீஸ் இரண்டு மணிக்கு மூடிவிடும் என்று வல்மிர் முணுமுணுத்ததுதான் தாமதம், அவள் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

மார்லூசியின் கையெழுத்தும் ஜெர்சனின் கையெழுத்தும் ஏற்கெனவே விழுந்தாயிற்று. போகவேண்டியது பிள்ளை மட்டும்தான். ஆனால் ஜெர்சன் “நானும் வரேன்” என்று பின்னால் தொற்றினான். வண்டி கிளம்பும் நேரம் பார்த்து மக்கர் பண்ணியது. நாலு உதை, ஐந்து உதை. வல்மிர் அந்தோணியாரைக் கூப்பிட்டான், யோவானைக் கூப்பிட்டான், கடைசியில் கெட்ட வார்த்தை சொன்னதும் வண்டி கிளம்பியது. சந்தை வீதியில் கொடி கட்டுகிறார்கள் என்று வழியை மறித்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது டோனா கிராசா தலையில் ஹெல்மெட்டோடு நடைபாதையில் குனிந்து ஷட்டருக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மணி ஏழு நிமிஷம்.

ஜமீலி வண்டி நிற்பதற்குள் குதித்தாள். “அம்மா! சரி!”

“எது சரி?” என்று நிமிர்ந்தாள் டோனா கிராசா.

“வல்மிர் பேரைப் போடறது. சரி. காலைல கேட்டீங்கல்ல, சரின்னு சொல்றேன்.”

டோனா கிராசா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். பின்னால் மூச்சு வாங்க நின்ற இரண்டு ஆண்களையும் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருக்கவேண்டும், கண்ணாடியைக் கழற்றப் போனாள், ஹெல்மெட் இடித்தது. ஆனாலும் பதிவாளர் பதிவாளர்தான். “நடைபாதையில சொன்னா செல்லாதுடி கண்ணு. உள்ள வந்து, என் முன்னால உக்காந்து சொல்லணும். கம்ப்யூட்டரை அணைச்சாச்சு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வா.”

“திங்கக்கிழமையும் சொல்வேன். இப்பவும் சொல்லிக்கிறேன்,” என்றாள் ஜமீலி.

வல்மிர் அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப்போனது. ஒன்றரை வருஷமா, எட்டு வருஷமா, எவ்வளவு நாள் பாரம் என்று தெரியவில்லை. அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை வராமலா போய்விடும்? வரட்டும், நிதானமாக வரட்டும். டோனா கிராசா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும்போது கையை ஆட்டினாள்.

“உன் பஸ் மூணு மணிக்குத்தானே? இப்படியே கொண்டுபோய் விட்டுடட்டுமா?” என்று ஜெர்சனிடம் கேட்டான், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே.

ஜெர்சன் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தான். “பசங்களைத் தங்கச்சி பாத்துப்பா. சூளைக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். திங்கக்கிழமை பாத்துட்டே போறேன். ஊஞ்சல் படுக்கை ஒண்ணு இருக்கும்ல உங்க வீட்டுல?”

“இருக்கு. கொக்கிதான் கொஞ்சம் ஆடும்.”

மூன்று பேரும் வண்டியில் ஏறினார்கள். வல்மிர் முன்னால், ஜமீலி நடுவில், பின்னால் கேரியரில் பாதியும் காற்றில் பாதியுமாக ஜெர்சன். கொடி கட்டும் வீதியை விட்டு, மேட்டுத் தெரு வழியாக, கியரைக் குறைத்து மெதுவாகப் போனார்கள். ஜமீலி இரண்டு கைகளாலும் வல்மிரின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள், சட்டை கசங்க. மேட்டின் நடுவில் தண்ணீர்க்குழாய்க்காகத் தோண்டிப்போட்ட பள்ளம் வந்தது. வண்டி தூக்கிப்போட்டபோது அவள் ஒரு கையை மட்டும் விடுவித்துப் பின்னால் நீட்டி, வழுக்கிக்கொண்டிருந்த ஜெர்சனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பள்ளம் தாண்டிய பிறகும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது.